கோதுமையை விட்ட பிறகு என்ன சமைப்பது? கேள்விகளும் பதில்களும்

சீலியாக் நோய் என்று உறுதியான நாளிலிருந்து, 12 வருடமாகக் குளூட்டன் இல்லாமல் சமைக்கிறேன். குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை என்ற தானியங்களில் இருக்கும் புரதம். சீலியாக் உள்ளவர் அதைச் சாப்பிட்டால் உடம்பு தன் சிறுகுடலையே தாக்கிச் சிதைக்கும். நடுவில் இரண்டு வருடம் அரிசி, சோளம் உட்பட எந்தத் தானியமும் தொடாமல் சாப்பிட்டுப் பார்த்தேன். பிறகு அரிசிக்குத் திரும்பிவிட்டேன். நான் மருத்துவர் இல்லை. சமையலறையில் கற்றதையும், என் உடம்புக்காகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

அக்கா, ரொட்டி சாப்பிட்டாலே வயிறு உப்புகிறது. நாளையிலிருந்து கோதுமையை நிறுத்தலாம் என்று இருக்கிறேன். எதிலிருந்து தொடங்கட்டும்?

நாளைக்கு நிறுத்தாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

சீலியாக் இருக்கிறதா என்று பார்க்க முதலில் செய்வது டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை. குளூட்டனுக்கு எதிராக உடம்பு கிளம்பும்போது உண்டாகும் எதிர்ப்பொருளை அது தேடுகிறது. நீங்கள் குளூட்டன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டால் அந்த எதிர்ப்பொருள் மெல்லக் குறைந்துவிடும். நோய் இருந்தாலும் முடிவு 'இல்லை' என்று வரலாம். பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவைச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இது தெரியாமல் நான் மூன்று மாதம் கோதுமையை விட்டுவிட்டுப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டேன். ஒன்றுமில்லை என்று வந்தது. பிறகு வேறொரு மருத்துவர் சொல்லி, வலியோடு வாரக்கணக்கில் மறுபடி கோதுமை சாப்பிட்டு, மறுபடி ரத்தம் கொடுத்து, சிறுகுடலிலிருந்து திசு எடுத்துப் பார்த்தபோதுதான் உறுதியானது. அந்த வாரங்கள் உங்களுக்கு வர வேண்டாம்.

சீலியாக் இல்லை என்று வந்தால்? கோதுமை ஒவ்வாமையாக இருக்கலாம், அது தனி நோய், அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. அல்லது கோதுமையில் இருக்கும் ஃபிரக்டான் என்ற கார்போஹைட்ரேட் குடலில் நொதித்து வாயு உண்டாக்கலாம். வெங்காயத்திலும் பூண்டிலும் அதே ஃபிரக்டான் இருக்கிறது. அவற்றைச் சாப்பிட்டாலும் வயிறு உப்பினால் குற்றவாளி குளூட்டனாக இல்லாமலும் இருக்கலாம். காரணத்தைப் பொறுத்து நீங்கள் விட வேண்டியது மாறும்.

இதெல்லாம் இந்தக் காலத்துப் பழக்கம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்து குழந்தை மருத்துவரைப் பற்றிச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45இல், அந்த நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டிக்கு வழியில்லை. மற்றக் குழந்தைகள் மெலிந்துகொண்டிருந்தபோது, சீலியாக் குழந்தைகளின் நிலை மட்டும் தேறியது. ரொட்டி திரும்பி வந்ததும் அவர்களுக்கு நோயும் திரும்பி வந்தது. கோதுமை மேல் அவருக்கு ஏற்கெனவே இருந்த சந்தேகம் இதில் வலுப்பட்டது. 1950இல் அதையே ஆய்வேடாக எழுதினார். உலகம் முழுக்கப் பார்த்தால் சுமார் 100 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது, பலருக்கு அது தெரியாமலே இருக்கிறது.

குளூட்டன் இல்லாததும் தானியம் இல்லாததும் ஒன்றுதானே?

இல்லை. குளூட்டன் இருப்பது கோதுமை, பார்லி, ரை, இவற்றின் கலப்பினங்கள் ஆகியவற்றில்தான். ரவை, மைதா, கூஸ்கூஸ், ஸ்பெல்ட் எல்லாம் கோதுமைதான், பெயர்தான் வேறு. அரிசி, சோளம், சிறுதானியங்கள் ஆகியவற்றில் சீலியாக் உள்ளவரைப் பாதிக்கும் குளூட்டன் கிடையாது. தானியமே வேண்டாம் என்பவர்கள் இவற்றையும் விடுகிறார்கள். கினோவா, பக்வீட், தண்டுக்கீரை விதை மூன்றும் புல் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல, அதனால் சிலர் சேர்த்துக்கொள்வார்கள், சிலர் மாட்டார்கள்.

சீலியாக் உள்ளவர் குளூட்டனை விட்டே ஆக வேண்டும். மற்றத் தானியங்களை விடுவது அவரவர் விருப்பம். தானியத்தோடு பருப்பு, பயறு வகைகளையும் விடச் சொல்பவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. நார்ச்சத்தும் ஃபோலேட்டும் இரும்புச்சத்தும் எங்கிருந்து வரும்? அதே சமயம், கோதுமைக்குப் பதில் மூன்று வேளையும் அரிசி மட்டும் என்று போவதும் நல்லதல்ல. மண்ணிலும் நீரிலும் இருக்கும் ஆர்செனிக்கை அரிசிப்பயிர் மற்றத் தானியங்களைவிட அதிகம் உறிஞ்சுகிறது. நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் கொஞ்சம் குறையும், ஆனாலும் மாற்றி மாற்றிச் சாப்பிடுவதுதான் சரி.

ஓட்ஸ்?

ஓட்ஸில் குளூட்டன் இயற்கையாக இல்லை. ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையும் பார்லியும் கலந்துவிடும். குளூட்டன் இல்லாதது என்று அட்டையிட்ட ஓட்ஸ் மட்டும் வாங்குங்கள். அதுவும் சீலியாக் உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு ஒத்துக்கொள்வதில்லை, அதனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

நான்கு முறை பாதாம் மாவில் ரொட்டி செய்தேன். நான்கு முறையும் வெட்டும்போதே உதிர்ந்துவிட்டது. எங்கே தப்பு?

தப்பு உங்கள் கையில் இல்லை, கோதுமையைப் போலவே பாதாமும் நடந்துகொள்ளும் என்று நினைப்பதில்தான். கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசையும்போது கிளயாடின், குளூட்டெனின் என்ற இரண்டு புரதங்கள் கைகோத்து ரப்பர் மாதிரி ஒரு வலை பின்னுகின்றன. உள்ளே உண்டாகும் வாயுவை அந்த வலை பிடித்து வைக்கிறது. பாதாம் மாவில் வலை இல்லை. எடையில் பாதி கொழுப்பு, அது தண்ணீரையும் அவ்வளவாக இழுக்காது. எவ்வளவு பிசைந்தாலும் ஒன்றும் நடக்காது. பிடித்து வைக்க வேறு ஆள் வேண்டும். முட்டை ஒரு ஆள், தண்ணீரில் ஊறிக் கூழாகும் இசப்கோல் உமி இன்னொரு ஆள். நான் இரண்டையும் போடுகிறேன்.

200 கிராம் பாதாம் மாவு, 2 மேசைக்கரண்டி இசப்கோல் உமி, முக்கால் தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு. இவற்றைக் கட்டியில்லாமல் கலந்துகொள்ளுங்கள். தனியாக 4 முட்டையை நன்றாக அடித்து, 2 மேசைக்கரண்டி எண்ணெய், 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்து மாவில் ஊற்றிக் கலக்குங்கள். பத்து நிமிடம் அப்படியே விடாதீர்கள், சாறு பட்டதும் சோடா பொங்கத் தொடங்கிவிடும். உடனே சிறிய ரொட்டி அச்சில் ஊற்றி, 175 டிகிரி செல்சியஸில் சூடேறிய ஓவனில் 35 முதல் 40 நிமிடம். நடுவில் குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

இப்போது முக்கியமான இடம். சூட்டோடு வெட்டக் கூடாது. முட்டையும் உமியும் ஆறும்போதுதான் இறுகும். குறைந்தது ஒன்றரை மணி நேரம் பொறுங்கள். உங்கள் நான்கு ரொட்டிகளும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உதிர்ந்திருக்கும்.

இன்னொன்று, பாதாம் மாவு தீர்ந்துவிட்டது என்று அதே அளவு தேங்காய் மாவு போட்டுவிடாதீர்கள். அது நார்ச்சத்து மிகுந்தது, தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். 1 கப் பாதாம் மாவுக்குக் கால் கப் தேங்காய் மாவு என்பது தோராயமான கணக்கு, முட்டையும் ஒன்றிரண்டு கூடுதலாக வேண்டும்.

நாங்கள் முட்டை சேர்ப்பதில்லை. ஓவனும் இல்லை.

அப்படியானால் பாதாம் ரொட்டியை மறந்துவிட்டுக் கடலை மாவுக்கு வாருங்கள். என் வீட்டில் இன்றைக்கும் அதிகம் செய்வது இதைத்தான். பயறு மாவில் புரதம் அதிகம், அதனால் முட்டையில்லாமலே நன்றாகப் பிடிக்கும்.

1 கப் கடலை மாவு, 1 கப் தண்ணீர், 1 மேசைக்கரண்டி எண்ணெய், உப்பு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டியில்லாமல் கரையுங்கள். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம் ஊறட்டும். ஊறாத மாவு நாக்கில் நறநறவென்று இருக்கும். வாணலியை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் தடவி, மெல்லிசாக ஊற்றுங்கள். ஓரம் தானாகக் கிளம்பும்போது திருப்புங்கள். ஒவ்வொரு பக்கமும் சுமார் மூன்று நிமிடம். பச்சை மாவு கசக்கும், அதனால் நன்றாகச் சிவக்கவிடுங்கள். கடையில் அரைத்த மாவு வாங்கினால், அதே இயந்திரத்தில் கோதுமை அரைக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றச் செய்முறைகளில் ஒன்றிரண்டு முட்டைக்குப் பதில், ஒவ்வொரு முட்டைக்கும் 1 மேசைக்கரண்டி அரைத்த ஆளிவிதையை 3 மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துச் சேர்க்கலாம். நான்கு முட்டை கேட்கும் ரொட்டியில் இது எடுபடாது.

பாதாமுக்குப் பதில் சூரியகாந்தி விதையை அரைத்து கேக் செய்தேன். மறுநாள் உள்ளே பச்சையாக இருந்தது! பூஞ்சையா?

பயப்படாதீர்கள், பூஞ்சை இல்லை. சூரியகாந்தி விதையில் குளோரோஜெனிக் அமிலம் இருக்கிறது. சமையல் சோடாவின் காரம் பட்டால் அது ஆற ஆறப் பச்சையாகும். தாராளமாகச் சாப்பிடலாம். அடுத்த முறை சோடாவைக் கொஞ்சம் குறைத்து, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி கூட்டுங்கள்.

மாலையில் கொறிக்க ஏதாவது?

விதை பிஸ்கட். சூரியகாந்தி விதை, பூசணி விதை, எள் மூன்றும் சேர்த்து 1 கப், முழு ஆளிவிதை கால் கப், இசப்கோல் உமி 2 மேசைக்கரண்டி, உப்பு, முக்கால் கப் தண்ணீர். இருபது நிமிடத்தில் கெட்டியான கூழாகும். தட்டில் பேக்கிங் தாள் விரித்து மெல்லிசாகப் பரப்பி, 160 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வாட்டுங்கள், பாதியில் ஒரு முறை திருப்பிப் போடுங்கள். சாப்பிடும்போது தண்ணீர் நிறையக் குடியுங்கள், உமி வயிற்றிலும் ஊறும்.

வீட்டில் எனக்கு மட்டும்தான் சீலியாக். மற்ற எல்லோரும் கோதுமை சாப்பிடுகிறார்கள். எவ்வளவு கவனம் வேண்டும்?

குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொருளை விற்க, பன்னாட்டு உணவுத் தரமான கோடெக்ஸ் அனுமதிக்கும் அளவு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அது எவ்வளவு சின்னது என்று யோசித்துப் பாருங்கள். ரொட்டித்துகள் ஒட்டிய கத்தியை வெண்ணெயில் விட்டாலே உங்கள் பங்கு கெட்டுவிடும்.

வெண்ணெய், ஜாம் உங்களுக்குத் தனிப் புட்டியில். டோஸ்டர், சல்லடை, மரக்கரண்டி, மரப்பலகை தனியாக வேண்டும், ஏனென்றால் அவற்றின் இடுக்கில் ஏறியது கழுவினாலும் போகாது. எஃகுப் பாத்திரமும் கண்ணாடியும் சோப்பு போட்டுத் தேய்த்தால் போதும், புதிது வாங்க வேண்டியதில்லை. கோதுமைப் பண்டம் பொரித்த எண்ணெயில் உங்களுடையதைப் பொரிக்க வேண்டாம், சூட்டில் குளூட்டன் அழியாது. மைதா சலிக்கும் நேரத்தில் அந்த அறையில் உங்கள் சாப்பாடு திறந்திருக்க வேண்டாம்.

பொட்டலத்தில் 'கோதுமை இல்லை' என்று மட்டும் இருந்தால் நம்பாதீர்கள். பார்லி இருக்கலாம். மால்ட் என்ற சொல்லைத் தேடுங்கள், அது பெரும்பாலும் பார்லிதான். சோயா சாஸ், பொட்டலச் சூப், மசாலாக் கலவை, கூட்டுப் பெருங்காயம் எல்லாவற்றின் பின்பக்கத்தையும் படியுங்கள். சிறு குழந்தைக்குச் சீலியாக் என்றால், விளையாடும் மாவுக்களிமண்ணையும் பாருங்கள், பலவற்றில் கோதுமை இருக்கிறது, கை வாய்க்குப் போகும்.

எடை குறைய வேண்டும். குளூட்டனை விட்டால் குறையுமா?

அதற்காக என்றால் வேண்டாம். கடையில் விற்கும் குளூட்டன் இல்லாத பிஸ்கட்டுகளில் அரிசி மாவும் மரவள்ளி ஸ்டார்ச்சும் சர்க்கரையும்தான் அதிகம். நார்ச்சத்து குறைவு, சர்க்கரை நோய் உள்ளவருக்கு ரத்தச் சர்க்கரை சீக்கிரம் ஏறும்.

சோற்றுக்குப் பதிலாகச் செய்யும் காலிஃபிளவர் துருவல் எப்போதும் கூழாகிவிடுகிறது.

துருவிய பிறகு கழுவாதீர்கள், முன்பே கழுவித் துடைத்துவிடுங்கள். அகலமான வாணலி, நல்ல சூடு, மூடி வேண்டாம், ஐந்து நிமிடம். உப்பைக் கடைசியில் போடுங்கள்.

ஆறு மாதமாக ஒரு துளி குளூட்டன் இல்லை. ஆனாலும் பால் குடித்தால் வயிறு கலங்குகிறது, சோர்வும் போகவில்லை. நான் எங்கேயோ தவறு செய்கிறேனா அக்கா?

இதற்குத் தவறு காரணமாக இருக்க வேண்டியதில்லை அம்மா. பாலின் லாக்டோஸை உடைக்கும் நொதி, சிறுகுடலின் விரல் போன்ற உறிஞ்சிகளின் மேற்பரப்பில்தான் இருக்கிறது. சீலியாக் முதலில் சிதைப்பது அவற்றைத்தான். அவை மறுபடி வளர மாதங்கள் ஆகும், பெரியவர்களுக்குச் சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அதுவரை பாலைக் குறைத்து, தயிர் ஒத்துக்கொள்கிறதா என்று கொஞ்சமாகப் பாருங்கள். சோர்வுக்கு இரும்புச்சத்து, பி12, ஃபோலேட், வைட்டமின் டி நான்கையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள், டி.டி.ஜி. அளவு இறங்கியிருக்கிறதா என்றும் கேளுங்கள். எனக்கு இரும்புச்சத்து ஏற எட்டு மாதம் ஆனது. பால் அதற்குப் பிறகுதான் ஒத்துக்கொண்டது.