நேபாளத்துக் காடும் நம்ம ஜவ்வாது மலையும்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வனவர் பதில் சொல்கிறார்

கேள்வி: ஐயா, நேபாளத்தில் காட்டை ஊர்க்காரர்களிடமே ஒப்படைத்ததால் காடு பெருகிவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். பூட்டானில் பாதிக்கு மேல் காடுதானாம். ஜவ்வாது மலையை ஜனங்களிடம் விட்டால் ஒரே வருஷத்தில் மொட்டை அடித்துவிட மாட்டார்களா? (வாசகர், ஒடுகத்தூர்)

பதில்: பூட்டானை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம் தம்பி. எந்தக் காலத்திலும் நாட்டில் 60 சதவீதம் காடாக இருக்க வேண்டும் என்று 2008 அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். இருப்பது அதற்கும் மேல். ஆனால் மொத்த ஜனமே எட்டு லட்சத்துக்குள், நம்ம வேலூர் மாவட்டத்தில் ஏறக்குறைய பாதி. ஆற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுத்து நமக்கு விற்கிற நாடு. மலையில் மரம் நிற்பதே அவர்களுக்கு வரும்படி.

நேபாளத்தோடுதான் நம்மை ஒப்பிட முடியும். அங்கே 1957-ல் தனியார் காடுகளை அரசு எடுத்துக்கொண்டது. இனி நமக்கில்லை என்று ஆனதும் கோடரி வேகமாக விழுந்தது. 1993-ல் வேறு சட்டம் வந்தது. நிலம் அரசாங்கத்துடையது, காட்டைப் பராமரிப்பதும், விறகும் மரமும் எடுப்பதும், விற்ற காசும் ஊர்க்காரர்கள் சேர்ந்த பயனாளர் குழுவுக்கு. இப்படி 22,000-க்கு மேல் குழுக்கள் இருக்கின்றன. எத்தனை மரம் எடுக்கலாம், எப்போது புல் அறுக்கலாம், மாடு எங்கே போகக் கூடாது என்று ஒவ்வொரு குழுவும் ஒரு திட்டம் போட்டு, வன அதிகாரியிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். வருமானத்தில் கால் பங்கைக் காட்டுக்கே செலவழிக்க வேண்டும். 1992-ல் 26 சதவீதமாக இருந்த காடு 2016-ல் 45 சதவீதம் ஆனது.

இந்தப் பெருமை முழுக்கச் சட்டத்துக்கே போகாது. இளவட்டங்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போய்விட, உழ ஆளில்லாத மலைச்சரிவுகளில் மரம் தானாக ஏறியது. குழுக்களில் ஊர்ப் பெரியதனக்காரர் கையே ஓங்கியிருக்கிறது என்ற புகாரும் உண்டு. அது எந்த ஊரில்தான் இல்லை?

இப்போது நம்ம கதை. அணைக்கட்டுப் பக்கம் ஒரு பெரியவர், வரப்பில் குருவி எச்சத்தில் முளைத்த சந்தனக் கன்றைக் களைக்கொத்தால் கொத்தி எறிந்துகொண்டிருந்தார். காக்கிச் சட்டையில் நான் நிற்கிறேன், கை நிற்கவில்லை. கேட்டதற்கு, "வளர்ந்தா மரம் சர்க்காருக்கு, திருட்டுப் போனா கேஸு எனக்கு" என்றார். அப்போது சட்டம் அப்படித்தான். மலையில் வெட்டிய சந்தனம் திருப்பத்தூர் கிடங்குக்குப் போய் ஏலத்தில் விற்கும். மலைக்காரருக்கு மிஞ்சியது சோதனை மட்டும். மலையில் சந்தனம் அருகிப்போனது எங்கள் காவலுக்குக் கீழேதான், ஜனங்களிடம் விட்டதால் இல்லை. பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரருக்கே என்று இப்போது விதி மாறியிருக்கிறது, வெட்ட மட்டும் அனுமதி வேண்டும்.

கிராம வனக்குழுக்கள் நம்மிடமும் வந்தன, 1990-களில். தடுப்பணை, நாற்று, கறவை மாட்டுக் கடன் எல்லாம் நடந்தது. திட்டப் பணம் நின்றதும் பல குழுக்கள் தூங்கிவிட்டன. காட்டிலிருந்து குழுவுக்கென்று வரும்படி இல்லையே, எதற்காகக் கூடுவார்கள்?

நேபாளத்துக்கு இணையாக நம் கையில் இருப்பது 2006 வன உரிமைச் சட்டம். தேன், புளி, கடுக்காய், மூங்கில் எல்லாம் மலைவாழ் மக்களுக்குச் சொந்தம் என்கிறது. தாங்கள் வழிவழியாகப் புழங்கும் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் பட்டா கொடுப்பதே பல வருஷம் தள்ளிப்போனது. மலையில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால், வீட்டுக்கும் கொல்லைக்கும் தனிப் பட்டா கேட்பதோடு நிறுத்த வேண்டாம், சமூகக் காட்டுக்கு உள்ள 'சி' படிவத்தையும் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். மலையடிவாரத்தில் இருக்கும் பழங்குடி அல்லாத மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும்.

கேள்வி: இலங்கையில் காட்டு மரம் வெட்டவே தடையாமே, அங்கே ஆசாரிகள் கதவு நிலைக்கு என்ன செய்கிறார்கள்? (வாசகர், குடியாத்தம்)

பதில்: இயற்கைக் காட்டில் வெட்டத்தான் 1990 முதல் தடை. பலகை பெரும்பாலும் வீட்டுத் தோட்டத்திலிருந்தும் ரப்பர், தேக்குத் தோட்டங்களிலிருந்தும் வருகிறது. ஆனால் சொந்தக் கொல்லையில் நிற்கும் பலா, ஈரப்பலா (நம்ம சீமைப்பலா), பெண் பனை மூன்றையும் நினைத்தபடி சாய்க்க முடியாது. 1951 சட்டப்படி அனுமதி வேண்டும். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று நாம் சொன்னது 2021-ல்தான்.