மறுமொழி: ஏ.பி.ஆர். ரிப்போட்டில ஐந்தாம் அலை பிந்தியிருக்கு

வணக்கம் அக்கா. ஆறு வயசு மகனுக்கு எக்ஸ்.வை.வை. (ஒரு வை குரோமோசோம் கூட இருக்கிற நிலை), ஓட்டிசமும் இருக்கு, ஏ.பி.ஆர்.இல ஐந்தாம் அலை பிந்தினதுதான் காரணமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். இல்லை. ஏ.பி.ஆர். எண்டது சத்தம் கேட்டபிறகு காதிலயிருந்து மூளைத்தண்டு வரைக்கும் நரம்பில போற சிக்னலை, முதல் 10 மில்லிசெக்கனுக்கு மட்டும் பாக்கிற சோதனை; அதில வாற அலையளுக்கு ஒண்டு, ரெண்டு எண்டு இலக்கம் போட்டிருக்கும். ஓட்டிசத்தைச் சொல்லாது.

ரிப்போட்டில முதலாம் அலையைப் பாருங்கோ. அதுவும் அதேயளவு பிந்தி, ஒண்டுக்கும் ஐஞ்சுக்கும் இடைவெளி 4 மில்லிசெக்கனளவில இருந்தால், பிழை பெரும்பாலும் நடுக்காதில தேங்கின நீர், இல்லாட்டி குறும்பி. டிம்பனோமெட்ரி (செவிப்பறையின்ர அசைவைப் பாக்கிற சோதனை) செய்து, காது சுகமானபிறகு திரும்ப எடுக்கச் சொல்லுங்கோ. இடைவெளியே நீண்டிருந்தால் நரம்பு வைத்தியரிட்டக் காட்டவேணும்.

சில ஆய்வுகளில ஓட்டிசப் பிள்ளையளில ஐந்தாம் அலையும் சராசரியாக் கொஞ்சம் பிந்தியிருந்தது. ஓட்டிசப் பிள்ளையளிலயும் எக்ஸ்.வை.வை. பெடியளிலயும் பிந்தினதாக் கண்ட இன்னொரு அலை இருக்கு: மூளைப்புறணியில (மூளையின்ர மேற்படையில) 100 மில்லிசெக்கனளவில வாறது, எம்.ஈ.ஜி.யில (மூளையின்ர காந்தப்புலத்தை அளக்கிற கருவியில) அளந்தது. இதெல்லாம் கூட்டத்துச் சராசரிதான், ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லாது.

திரும்பச் சோதனைக்குப் போகேக்க தலைக்கு எண்ணெய் வையாதேங்கோ. எலக்ட்ரோட் (தலையில ஒட்டிற மின்முனை) சரியா ஒட்டாமல் மின்தடை 5 கிலோ ஓமைத் தாண்டலாம், அப்ப அலை தெளிவா வராது. பருத்தித்துறை பஸ்ஸில நித்திரையாக விட்டிடாதேங்கோ, சோதனை அறையிலதான் அவன் நித்திரை கொள்ளவேணும். முழிச்சு அசைஞ்சால் தசையளில இருந்து வாற மின்சிக்னல் அலையை மூடிப்போடும்.