யாழ்ப்பாணக் கடலில் உள்ள நெடுந்தீவில் காட்டுக்குதிரைகளைப் பார்க்க ஒரு நாள் போதுமா? அவ்வளவு தூரம் போக அங்கே அப்படி என்ன இருக்கிறது?

கேள்வியின் பின்பாதிதான் என்னை எழுத வைத்தது. நீங்கள் யாழ்ப்பாணத்துக்கு ரெண்டு மூன்று நாள் வருகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். நல்லூர், கோட்டை, நூலகம் எல்லாம் பார்த்து முடித்து, மிஞ்சுகிற நாளை என்ன செய்யலாம் என்று யோசிக்கிறீர்கள். அப்படி இல்லையென்றால் கோபிக்க வேண்டாம்.

நெடுந்தீவு என் அம்மா பிறந்த ஊர். அதனால் எனக்குப் பக்கச்சார்பு உண்டு, முதலே சொல்லிவிடுகிறேன்.

சுற்றிப் பார்க்க ஒரு நாள் தாராளம். குறிகட்டுவான் இறங்குதுறையில் போட் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் நெடுந்தீவின் மாவிலித்துறை. அங்கே ஒரு ஓட்டோவோ பிக்கப்போ பிடித்தால் ஒல்லாந்தர் கோட்டைச் சுவர், புறாக்கூடு, பெருக்கு மரம், வளர்ந்துகொண்டே போகிறது என்று சொல்லப்படுகிற கல் எல்லாவற்றையும் காட்டி, குதிரைகள் மேய்கிற தரவை என்ற புல்வெளியிலும் கொண்டுபோய் விடுவார்கள். படம் எடுப்பீர்கள், பின்னேரப் போட்டில் திரும்பிவிடுவீர்கள். இதற்குத்தான் வருகிறீர்கள் என்றால் மிச்சத்தை வாசிக்கத் தேவையில்லை.

குதிரைகளை நிதானமாய்ப் பார்க்க வேண்டும் என்றால் கதை வேறு.

ஒரு கோடையில் மாமாவோடு தரவைப் பக்கம் தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்திருந்தேன். தீவில் நல்ல தண்ணீர் அருமை. பல கிணறுகள் உவர். வரட்சி கடுமையான வருசங்களில் குதிரைகள் செத்திருக்கின்றன. அதனால் ஊர்ச்சனம் தொட்டிக்குத் தண்ணீர் விடுவார்கள். வெயில் சாயும் நேரம் ஒரு கூட்டம் வந்தது. நீங்கள் படத்தில் பார்க்கிற பிடரி பறக்கிற குதிரைகள் இல்லை. மட்டக்குதிரைகள், விலா எலும்பு எண்ணலாம், வாலில் நெருஞ்சியும் முள்ளும் சிக்கிக் கிடக்கும். தாய்க்குதிரை ஒன்று தலையைத் தாழ்த்திக் குடிக்க, அதன் குட்டிக்குத் தொட்டி விளிம்பு எட்டவில்லை. அது என்ன செய்தது தெரியுமா? சிந்திய தண்ணீர் வழிந்து ஈரமாய் இருந்த வெளிச் சுவரை நக்கியது. மேலிருந்து கீழே, திரும்ப மேலிருந்து கீழே. சீமெந்து காய்ந்ததும் நிறுத்திவிட்டு, தாய் தலையை ஆட்டி இன்னும் கொஞ்சம் சிந்தும்வரை அப்படியே நின்றது. நான் எழும்பப் போக மாமா கையைப் பிடித்தார். "பேசாமல் இரு பிள்ளை, குடிச்சிட்டுப் போகட்டும்."

அப்போதுதான் பிக்கப் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. பின்னால் நாலைந்து பெடியள், ஒருவன் கையில் ட்ரோன். கூட்டம் கலைந்து ஓட, அவர்கள் பக்கவாட்டில் துரத்திக்கொண்டே படம் பிடித்தார்கள். காணொளி நன்றாகத்தான் வந்திருக்கும், ஓடுகிற குதிரை எப்போதும் வடிவுதானே. தொட்டியில் தண்ணீர் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது.

உல்லாசப் பயணிகளே வரக்கூடாது என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அவர்களை நம்பி அடுப்பெரிகிற வீடுகள் தீவில் உண்டு. "அதுகள் காட்டு விலங்கே இல்லை, போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன குதிரைகள்" என்று இன்னொருவர் வருவார். தெரியும் ஐயா. பழைய லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. வெள்ளைக்காரன் காலத்தில் நோலன் என்ற அதிகாரியும் அங்கே குதிரை வளர்த்தவர். ஆனால் கட்டாக்காலியாய்ப் போய் எத்தனை தலைமுறை. 2015இல் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாகவும் அறிவித்துவிட்டார்கள். லாயத்தையே காணாத அந்தக் குட்டிக்கு இந்த வாதத்தில் என்ன இருக்கிறது?

போட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது உங்களுக்கு ஒரு பயணம். ஊர்ச்சனத்துக்கு அதுதான் ஆஸ்பத்திரி வழி, கந்தோர் வழி. லீவு நாட்களில் வயதானவர்கள் நிற்க, பயணப்பைகள் ஆசனத்தில் இருப்பதைக் கண்டிருக்கிறேன். 1985 மே 15 அன்று இதே கடலில் குமுதினிப் படகில் போன முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வருசா வருசம் நினைவுநாள் செய்கிறார்கள். போட்டில் பாட்டைச் சத்தமாய்ப் போட்டு ஆடுகிறவர்களுக்கு இது தெரியாது என்றே நினைக்கிறேன், தெரிந்து ஆடினால் சொல்ல ஒன்றுமில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்கிறேன். அக்காவுக்குக் கலியாணம் பேசி, சாதகம் பொருந்தி, எல்லாம் சரி என்ற இடத்தில் மாப்பிள்ளையின் தாய் கேட்டா: "தாய் தீவுப்பகுதியோ?" தீவார் என்றால் ஒரு படி கீழே பார்க்கிறவர்கள், அதோடு அந்தப் பேச்சு நின்றது. அக்கா பிறகு நன்றாகத்தான் இருக்கிறா, அது வேறு. போன வருசம் அதே குடும்பம் பெருக்கு மரத்தின் பொந்துக்குள் நின்று எடுத்த படத்தை முகநூலில் போட்டு "சொர்க்கம்" என்று எழுதியிருந்தது. நான் விருப்பக்குறி போடவில்லை.

சரி, உங்களுக்கு. தை முதல் பங்குனி வரை வாருங்கள். மாரி மழை முடிந்து தரவை பச்சையாய் இருக்கும், குதிரைகளும் கொஞ்சம் தேறியிருக்கும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பிறந்தால் போட் ஆட்டம் வயிற்றைக் கலக்கும். ஐப்பசி கார்த்திகையில் கடல் குழம்பினால் போட்டே ஓடாது. ஒரு இரவு தங்குங்கள், சிறிய தங்குமிடங்கள் இருக்கின்றன. விடிய வெள்ளன, முதல் போட்டில் சனம் வரமுதல் சைக்கிளில் போங்கள். போகிற வழியில் வேலிகளைக் கிட்டே பாருங்கள்: சாந்து பூசாமல் அடுக்கிய முருகைக்கல் (பவளப் பாறைக் கல்), ஒவ்வொரு கல்லிலும் மூளை மடிப்புப் போல ஒரு கோலம். பிஸ்கட் கொடுக்காதீர்கள். தண்ணீர்ப் போத்தலைத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

குதிரை கிட்ட வரவில்லை என்று ஓட்டோக்கார அண்ணையோடு காசுக்கு வாதாடாதீர்கள். அவர் அதுகளை வளர்க்கவில்லை.