கரு தங்க ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. முதல் ஐ.வி.எஃப். (சோதனைக் குழாய் முறை) பலன் தரவில்லை. உறைய வைத்திருக்கும் கருவை அடுத்த மாதம் வைக்கப் போகிறார்கள். என் நாத்தனாருக்கு வேறொரு ஆஸ்பத்திரியில் எக்கோஸ்பிரின் 75 என்ற ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தார்கள், முதல் தடவையே கரு தங்கிவிட்டது. எங்கள் டாக்டர் எனக்கு அது தேவையில்லை என்கிறார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் தருகிறார்கள். நானே வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா? போன முறை போடாததால்தான் தங்காமல் போனதா?

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று நினைக்கிறேன். இல்லை. மாத்திரை போடாததால் கரு தங்காமல் போகவில்லை. கரு ஒட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்தக் கருவின் குரோமோசோம்களில் இருக்கும் குறைதான், அதை எந்த மாத்திரையாலும் சரிசெய்ய முடியாது. நீங்களோ உங்கள் டாக்டரோ எதையும் தவறவிட்டுவிடவில்லை.

சரி, அப்படியானால் சில இடங்களில் ஏன் கொடுக்கிறார்கள்? 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் குறைக்கும். அதனால் கருப்பைக்கு ரத்த ஓட்டம் கூடும், உட்சுவர் நன்றாக வளரும், கரு எளிதில் ஒட்டும் என்று நினைத்தார்கள், கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கிறது. 1999-ல் அர்ஜென்டினாவில் நடந்த ஓர் ஆய்வில் ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்குக் கர்ப்பம் அதிகமாகவே நின்றது, அதைப் பார்த்துத்தான் உலகம் முழுக்க எழுதித் தர ஆரம்பித்தார்கள். ஆனால் பின்லாந்து, பெல்ஜியம் என்று மற்ற நாடுகளில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை, எல்லா ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்து அலசியபோதும் ஐ.வி.எஃப். செய்கிற எல்லோருக்கும் ஆஸ்பிரின் கொடுப்பதால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பழக்கம் மட்டும் பல இடங்களில் அப்படியே நின்றுவிட்டது. உங்கள் டாக்டர் வேண்டாம் என்றது கவனக்குறைவு இல்லை, என்னைக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் ஆஸ்பிரின் உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்று ஒன்று உண்டு, உடம்பே தவறாக உருவாக்கும் சில எதிர்ப்புப் புரதங்களால் ரத்தம் எளிதில் உறைந்து கரு திரும்பத் திரும்பக் கலையும். இவர்களுக்கு ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் சேர்த்துக் கொடுப்பது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை. அதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை இருக்கிறது, ஒரு முறை பாசிட்டிவ் என்று வந்தால் போதாது, குறைந்தது 12 வாரம் கழித்துத் திரும்பவும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். உங்கள் நாத்தனாருக்கு எதற்காகக் கொடுத்தார்கள் என்று தெரியாமல் அவர் சீட்டை உங்கள் சீட்டாக்க முடியாது. அவருக்கு இப்படி ஏதாவது இருந்திருக்கலாம், அல்லது எல்லோருக்கும் எழுதுவதுபோல் எழுதியிருக்கலாம். உங்களுக்குக் கரு பல முறை கலைந்திருந்தாலோ, எப்போதாவது காலில் ரத்தம் கட்டியிருந்தாலோ அதை டாக்டரிடம் சொல்லி இந்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

இன்னொன்று, கர்ப்பம் நின்ற பிறகு 12-வது வாரம் வாக்கில் உங்கள் டாக்டரே ஆஸ்பிரின் எழுதித் தரலாம், அப்போது 'அன்றைக்கு வேண்டாம் என்றார், இன்றைக்குக் கொடுக்கிறாரே' என்று குழம்ப வேண்டாம். அது கரு ஒட்டுவதற்கு இல்லை, பிரஷர் ஏறித் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்தாகும் ப்ரீ-எக்லாம்ப்சியாவைத் தடுப்பதற்கு. முதல் பிரசவம், 35 வயதுக்கு மேல், இரட்டைக் குழந்தை, உடல் பருமன், முன்பே பிரஷர் அல்லது சர்க்கரை இருப்பது, இதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். 2017-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டிவரும் ப்ரீ-எக்லாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. ஒரே மாத்திரைதான், காரணமும் காலமும் வேறு.

'போட்டால் நஷ்டம் என்ன, சின்ன மாத்திரைதானே' என்று பலர் கேட்கிறார்கள். வயிற்றுப் புண் இருந்தால் ரத்தம் கசியலாம், ஆஸ்துமா உள்ள சிலருக்கு இழுப்பு வரும். ஐ.வி.எஃப்.புக்காக ஊசி வழியாகக் கருமுட்டையை எடுக்கும் நாளில் உடம்பில் ஆஸ்பிரின் இருப்பது டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும், முந்தின நாள் நிறுத்தினேன் என்றாலும் பயனில்லை, தட்டணுக்கள் மீது அதன் வேலை ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். அப்புறம் நம் ஊரில் மழைக்காலம் என்றால் டெங்கு, அதில் தட்டணுக்கள் ஏற்கெனவே குறையும், மேலே ஆஸ்பிரினும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். டாக்டர் சொல்லி ஆஸ்பிரின் எடுக்கிறவர்களும் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போன் பண்ணிக் கேட்க வேண்டும்.

இதைப் படிக்கிற வேறு யாருக்காவது டாக்டர் காரணம் சொல்லி ஆஸ்பிரின் கொடுத்திருந்தால், என் பதிலைப் பார்த்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

நீங்கள் ஏற்கெனவே ஒன்றிரண்டு மாத்திரை வாங்கிப் போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், கரு கெட்டுவிடாது. அடுத்த முறை போகும்போது அந்த அட்டையையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டிவிடுங்கள், திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள்.