மாற்றுச் சான்றிதழில் அப்பாவின் பெயர்

கேள்வி: அரசு ஊழியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா சமீபத்தில் காலமானார். பீரோவில் ஒரு பெண்ணின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் கிடைத்தது. தந்தை பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர். பிறந்த வருடம் 1981. என் பெற்றோருக்குக் கல்யாணம் நடந்தது 1984-ல். அந்தப் பெண்ணும் அவர் அம்மாவும் வேறு ஊரில் இருக்கிறார்களாம். "அம்மா, நீ, நான் மட்டும்தான்னு வாரிசு சான்றிதழ் வாங்கிடலாம்" என்கிறார் அண்ணன். உயில் இல்லை. அப்பா சம்பாதித்து வாங்கிய வீட்டில் அவர்களுக்குப் பங்கு உண்டா?

பதில்: அவர்களுக்குப் பங்கு உண்டா என்று கேட்கிறீர்கள். 1981-ஐப் பார்த்ததும் எனக்கு உங்கள் அம்மாவைப் பற்றித்தான் கவலை வந்தது.

உங்களுடையது இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அப்பா முதலில் அந்த அம்மாவைத் திருமணம் செய்து, விவாகரத்து இல்லாமல் 1984-ல் உங்கள் அம்மாவைக் கட்டியிருந்தால், 1955-ம் வருட இந்து திருமணச் சட்டப்படி செல்லாதது உங்கள் அம்மாவின் திருமணம்தான். 'ஊர்ப் பெரியவர்களை வைத்துத் தீர்த்துக்கொண்டோம்' என்று எழுதி வைத்திருந்தாலும், உங்கள் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று நிரூபித்தால்தான் அது விவாகரத்து. 'பதிவே செய்யலையே' என்று அண்ணன் சொல்லக்கூடும். தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயமானதே 2009-ல்தான்.

உங்களுக்கும் அண்ணனுக்கும் பயமில்லை. அந்தச் சட்டத்தின் 16-வது பிரிவு, செல்லாத திருமணத்தில் பிறந்தவர்களையும் சட்டப்படியான பிள்ளைகளாகவே வைக்கிறது. ஆக, முதல் திருமணம் நடந்தது உண்மையானால், வீடு நான்கு சம பங்கு: பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கொன்று, நான்காவது சட்டப்படியான மனைவிக்கு. (அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் ஐந்து.) அந்த ஒரு பங்கு எந்த அம்மாவுக்கு என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி. குடும்ப ஓய்வூதியத்திலும் இதே கேள்வி வரும்.

திருமணமே நடக்கவில்லை என்றால் கதை வேறு. அந்தப் பெண்ணுக்குப் பங்கு கிடையாது. ஆனால் கணவன் மனைவியாகப் பல வருடம் வாழ்ந்திருந்தால், திருமணம் நடந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

அண்ணன் சொல்வதை மட்டும் செய்யாதீர்கள். தெரிந்தே ஒரு வாரிசை மறைத்து வாங்கினால் சான்றிதழ் ரத்தாகலாம், பொய்த் தகவல் கொடுத்ததற்குக் குற்ற வழக்கும் வரலாம். வீட்டை விற்றிருந்தாலும் அந்தப் பெண் தன் பங்கைக் கேட்டு வழக்குப் போடலாம்.

முதலில் அப்பா வேலை பார்த்த அலுவலகத்தில் அவருடைய பணிப்பதிவேட்டு நகலைக் கேளுங்கள். மனைவி என்று யார் பெயரை, எந்த வருடம் எழுதிக் கொடுத்தார், நடுவில் மாற்றினாரா என்று பாருங்கள். உங்கள் அம்மாவுக்குப் பங்கில்லை என்றே ஆனாலும், நீங்களும் அண்ணனும் உங்கள் பங்குகளை செட்டில்மென்ட் (தானப்) பத்திரம் எழுதி அவருக்குக் கொடுக்கலாம். அப்புறம், தாசில்தார் அலுவலக விசாரணையில் அம்மாவையும் கேட்பார்கள். விஷயத்தை அவர் அங்கே வைத்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடாதீர்கள்.