எண்ணிக்கையும் பக்க எண்ணும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊரில் மாதம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் பேசுவோம். சென்ற கூட்டத்தில் 2003 இராக் போர் பற்றிப் பேச்சு வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 15 அன்று உலகம் முழுக்க 600-க்கும் மேற்பட்ட நகரங்களில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஐந்து வாரத்துக்குள் பாக்தாத்தில் குண்டு விழுந்தது. ‘அமெரிக்க ஊடகங்கள் போராட்டத்தை இருட்டடிப்புச் செய்துவிட்டன’ என்றார் ஒரு நண்பர். ‘ஊர்வலம் போய்ப் போர் நின்றதாகச் சரித்திரமே கிடையாது, இதில் ஊடகத்தைக் குறை சொல்லி என்ன?’ என்றார் இன்னொருவர். இரண்டில் எது சரி? கூட்டத்தின் எண்ணிக்கையைப் போலீஸ் ஒன்று சொல்கிறது, போராடியவர்கள் இன்னொன்று சொல்கிறார்கள், யாரை நம்புவது? இன்றைக்கும் ‘அமெரிக்க விமானத் தாக்குதலில் தீவிரவாதிகள் பலி’ என்று வரும் செய்தியை எப்படி வாசிப்பது?

க. ம., ஈரோடு

அன்புள்ள க. ம.,

இருட்டடிப்பு என்ற குற்றச்சாட்டு பிப்ரவரி 15-க்குப் பொருந்தாது. ஊர்வலச் செய்தி பெரிய பத்திரிகைகளில் நன்றாகவே வந்தது. உலகில் இப்போது இரண்டு வல்லரசுகள் இருக்கலாம், ஒன்று அமெரிக்கா, மற்றது உலக மக்கள் கருத்து என்று இரண்டு நாள் கழித்து நியூயார்க் டைம்ஸ் எழுதியது. கோளாறு அதற்கு ஐந்து மாதம் முன்னால் நடந்தது. தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால்தான் அது கண்ணில் படும்.

2002 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அணுகுண்டுக்கு யுரேனியம் செறிவூட்டும் சுழல்கலங்களுக்காக இராக் அலுமினியக் குழாய்களை வாங்க முயல்கிறது என்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி. சொன்னவர்கள் பெயர் குறிப்பிடாத அதிகாரிகள். அன்று காலையே துணை அதிபர் டிக் செனி என்பிசி தொலைக்காட்சியில் உட்கார்ந்து, இன்றைய டைம்ஸிலேயே வந்திருக்கிறதே என்றார். அரசாங்கம் பத்திரிகையின் காதில் போட்டது, பத்திரிகை அச்சடித்தது, அரசாங்கமே அந்தப் பத்திரிகையைச் சாட்சிக்குக் கூப்பிட்டது.

அந்தக் குழாயின் விட்டம் 81 மில்லிமீட்டர். சுழல்கலங்களைப் பற்றி அமெரிக்க அரசில் அதிகம் தெரிந்தவர்கள் எரிசக்தித் துறை ஆட்கள். சுழல்கலத்துக்கு இது ஒடுக்கமானது, சுவர் தடிமன், இராக் ஏற்கனவே தயாரித்துவந்த 81 மில்லிமீட்டர் ராக்கெட்டின் உறைக்குத்தான் அளவு பொருந்துகிறது என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கருத்து வேறுபாடு ஐந்தே நாளில் டைம்ஸ் நிருபர்களுக்குத் தெரியவந்தது. எழுதவும் செய்தார்கள். ஆனால் உள்பக்கமான ஏ 13-இல், ஒரு நீளக் கட்டுரையின் அடிவயிற்றில்.

அக்டோபர் 10 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 296-க்கு 133 என்ற கணக்கில் போருக்கான அதிகாரத்தை அதிபருக்குக் கொடுத்தது. அடுத்த சில மணி நேரத்தில் செனட் 77-க்கு 23. இதற்கு இரண்டு நாள் முன்புதான், அக்டோபர் 8 அன்று, நைட் ரிடர் நிறுவனத்தின் வாஷிங்டன் நிருபர்கள் ஜொனாதன் லாண்டேவும் வாரன் ஸ்ட்ரோபலும் எழுதினார்கள்: உளவுத் துறை, ராணுவம், வெளியுறவு என்று எல்லா இடத்திலும் உள்ள அதிகாரிகளுக்கு இந்தப் போர் வாதத்தின் மேல் சந்தேகம் இருக்கிறது என்று. நைட் ரிடருக்கு 30-க்கும் மேற்பட்ட நாளிதழ்கள் இருந்தன. வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் ஒன்றுகூட இல்லை. வாக்குப் போடுகிறவர் காலையில் காபியோடு புரட்டும் பத்திரிகையில் அது வரவில்லை என்பதுதான் அந்தச் செய்திக்கு நேர்ந்த கதி. யாரும் அதைத் தடை செய்யவில்லை.

பெரிய போர் எதிர்ப்பு ஊர்வலம் வாஷிங்டனில் நடந்தது அக்டோபர் 26. வாக்கெடுப்பு முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது! அதையும் டைம்ஸ் சொதப்பியது. மறுநாள் செய்தியில் ஆயிரக்கணக்கானோர், எதிர்பார்த்ததைவிடக் குறைவு. 30-ஆம் தேதி வேறொரு நிருபரின் செய்தியில் போலீஸ் கணக்கில் ஒரு லட்சம், அமைப்பாளர் கணக்கில் இரண்டு லட்சம், அமைப்பாளர்களே அசந்துபோன கூட்டம். வாசகர்கள் கடிதம் எழுதித் துளைத்தெடுத்த பிறகு வந்த இரண்டாம் செய்தி இது.

எண்ணிக்கை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1960-களில் பெர்க்லியில் இதழியல் சொல்லிக்கொடுத்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் போட்டது. கை வீசி நிற்கும் தளர்ந்த கூட்டத்தில் ஒருவருக்கு 10 சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் 4.5 சதுர அடி, மூச்சு முட்டும் நெரிசலில் 2.5 சதுர அடி. நீங்களே போட்டுப் பாருங்கள். 60 அடி அகலச் சாலை, ஒரு கிலோமீட்டர் நீளம், அதாவது 3,280 அடி. பரப்பு 1,96,800 சதுர அடி. தளர்ந்த கூட்டம் என்றால் சுமார் 19,700 பேர், நெருக்கமாக நின்றால் சுமார் 43,700. ஒரு லட்சம் பேர் வந்தார்கள் என்று யாராவது சொன்னால், அந்த அகலச் சாலை நெருக்கமாகவே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நிரம்பியிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு இரண்டு இடத்தில் காலை வாரும். நகரும் ஊர்வலத்தில் ஒரு நிமிடப் படம் போதாது. முன்பே போனவர், பின்னால் வந்து சேர்ந்தவர் படத்தில் இல்லை. அதற்கு இரண்டு இடங்களில் ஆளை நிறுத்தி நிமிடத்துக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். இன்னொன்று, கூட்டத்தைச் சேரவிடாமல் செய்வது. பிப்ரவரி 15 அன்று நியூயார்க் நகராட்சி ஊர்வலத்துக்கு அனுமதி மறுத்தது, நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முதல் அவென்யூவில் ஓரிடத்தில் நிற்க மட்டும் அனுமதி. குறுக்குத் தெருக்களில் தடுப்பு போட்டதால் பெருங்கூட்டம் இரண்டாம், மூன்றாம் அவென்யூக்களிலேயே தங்கிவிட்டது. மேடையைச் சுற்றி எடுத்த படத்தை வைத்து எண்ணினால் இவர்கள் கணக்கில் வர மாட்டார்கள்.

போராட்டக் கூட்டத்தின் எண் ஊதிப்போவதும் உண்டு. 2003 பிப்ரவரி 16 சான் பிரான்சிஸ்கோ ஊர்வலத்துக்கு இரண்டு லட்சம் பேர் என்று அமைப்பாளர்களும் போலீஸும் சொன்னார்கள். சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் விமானத்திலிருந்து படம் எடுத்து எண்ணச் செய்தபோது வந்தது சுமார் 65,000. வாஷிங்டனில் பூங்காப் போலீஸ் 1995 கறுப்பின ஆண்கள் பேரணியில் 4 லட்சம் என்று சொல்லி, இது குறைவு என்ற அமைப்பாளர்களின் வழக்கு மிரட்டலில் மாட்டிக்கொண்டது. எண்ணும் வேலையே வேண்டாம் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கையைக் கட்டிவிட்டது. அதன் பிறகு அங்கே அதிகாரபூர்வ எண் என்று ஒன்று கிடையாது. ‘போலீஸ் கணக்கு’ என்று வந்தால் எந்தப் போலீஸ், யார் வாய்மொழி என்று கேளுங்கள்.

தொலைக்காட்சியில் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் போருக்கான வாதத்தை முன்வைத்து ஐநாவில் பேசியதற்கு முன்னொரு வாரமும் பின்னொரு வாரமுமாக நான்கு அமெரிக்க இரவுச் செய்திகளை ஃபேர் என்ற ஊடகக் கண்காணிப்பு அமைப்பு எண்ணிப் பார்த்தது. இராக் பற்றித் திரையில் பேசியவர்கள் 393 பேர். அதில் முக்கால்வாசி இந்நாள், முன்னாள் அதிகாரிகள். போர் எதிர்ப்பு அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் மூன்று பேர். ஃபேர் இடதுசாரிச் சாய்வுள்ள அமைப்புதான், ஆனால் தலை எண்ணுவதில் சாய்வுக்கு அதிக இடமில்லை. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளைப் ‘பகுப்பாய்வாளர்’ என்று உட்காரவைப்பார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் அவர்களில் 75-க்கும் மேற்பட்டோருக்குத் தனி விளக்கக் கூட்டம் நடத்திப் பேச வேண்டிய குறிப்பைக் கொடுத்தனுப்பியது, அவர்களில் பலருக்கு ராணுவ ஒப்பந்த நிறுவனங்களோடு தொழில் உறவு இருந்தது. இதெல்லாம் 2008 ஏப்ரலில் வெளிவந்தது. வெளிக்கொண்டு வந்ததும் டைம்ஸ்தான், அதுவும் வழக்குப் போட்டு 8,000 பக்க ஆவணங்களை வாங்கி.

ஆக, உங்கள் முதல் நண்பருக்குப் பாதி மதிப்பெண். செய்தி இருந்தது, இருந்த இடம் தப்பு. வாஷிங்டன் போஸ்ட் 2004 ஆகஸ்ட் 12 அன்று தன்னையே ஆராய்ந்து எழுதியபோது ஒரு கணக்குக் கொடுத்தது: 2002 ஆகஸ்ட் முதல் போர் தொடங்கும்வரை அரசின் போர்ப் பேச்சை மையமாக வைத்த முதல் பக்கச் செய்திகள் 140-க்கு மேல். ஆயுதம் இருப்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்ட வால்டர் பிங்கஸின் கட்டுரை போருக்கு மூன்று நாள் முன்பு ஏ 17-இல் வந்தது. டைம்ஸ் அதே ஆண்டு மே 26 அன்று வெளியிட்ட தன் தவறுகள் பற்றிய ஆசிரியர் குறிப்பை எந்தப் பக்கத்தில் போட்டது என்கிறீர்கள்? ஏ 10.

இரண்டாவது நண்பர் சொன்னது இன்னும் பெரிய பிழை. 2003 மார்ச் 1 அன்று துருக்கி நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானம். 62,000 அமெரிக்கத் துருப்புகள் துருக்கி வழியாக வடக்கு இராக்குக்குள் போகலாமா என்பது. அதே நாளில் அங்காராவில் பல்லாயிரம் பேர் தெருவில். ஆதரவு 264, எதிர்ப்பு 250, வாக்களிக்காதவர் 19. ஆதரவுதான் அதிகம், ஆனால் சபையில் இருந்த 533 பேரில் பாதிக்கு மேல், அதாவது 267 வேண்டும். மூன்று வாக்கில் தீர்மானம் விழுந்தது. பெரும்பான்மை வைத்திருந்த ஆளுங்கட்சியிலேயே ஏறக்குறைய நூறு பேர் ஆதரிக்கவில்லை. அமெரிக்காவின் நான்காம் காலாட்படைப் பிரிவின் தளவாடங்கள் துருக்கிக் கரைக்கு அப்பால் கப்பல்களில் காத்திருந்தன. சூயஸ் வழியாகச் சுற்றிக் குவைத்துக்குத் திருப்ப வேண்டியதாயிற்று. வடக்கு முனையே இல்லாமல் போர் தொடங்கியது.

போர் நிற்கவில்லைதான். ஆனால் ஒரு நாடு அதில் சேராமல் போனது. இந்தியாவிடமும் ஒரு டிவிஷன் படை கேட்டார்கள். நாடாளுமன்றத்துக்குள்ளும் வெளியேயும் எதிர்ப்பு வலுத்து, வாஜ்பாய் அரசு 2003 ஜூலை 14 அன்று ஐநா ஆணை இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டது. பிரிட்டனில் 2003-இல் தோற்ற எதிர்ப்பு பத்தாண்டு கழித்துப் பலித்தது: 2013 ஆகஸ்டில் சிரியா மீதான தாக்குதலில் சேரும் தீர்மானம் 285-க்கு 272 என்று மக்களவையில் தோற்றது. இரண்டு நாளில் ஒபாமா, நானும் காங்கிரஸைக் கேட்கிறேன் என்றார். அந்தத் தாக்குதல் நடக்கவேயில்லை.

எதிர்ப்பு எப்படிப் பலிக்கிறது என்று ஏமன் விவகாரத்தில் தெளிவாகப் பார்க்கலாம். ஏமனில் குண்டு போட்ட சவூதிப் போர் விமானங்களுக்கு அமெரிக்க விமானங்கள் நடுவானில் எரிபொருள் ஊட்டிவந்தன. போரை மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்களின் அமைப்பு முதலான சில குழுக்கள் ஊர்வலத்தை நம்பவில்லை. 1973 போர் அதிகாரச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சட்டப்படி அதிபர் படையை மோதலில் இறக்கினால் 48 மணி நேரத்தில் காங்கிரஸுக்கு எழுத வேண்டும், ஒப்புதல் இல்லையென்றால் 60 நாளில் விலக்கத் தொடங்க வேண்டும். நமக்கு முக்கியம் அதிலுள்ள இன்னொரு வழி: படையை விலக்கச் சொல்லும் தீர்மானத்தைத் தனி உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்தாலும் தலைமையால் அதைக் கிடப்பில் போட்டுவிட முடியாது, செனட்டில் வாக்கெடுப்புக்கு இழுக்கலாம். யார் எந்தப் பக்கம் என்று பெயரோடு பதிவாகிவிடும். தொகுதிக்காரர்கள் அந்தப் பெயர்களைப் பிடித்துத் தொலைபேசியில் உலுக்கினார்கள். சவூதிப் பத்திரிகையாளர் கஷோகியின் கொலை வெறுப்பைக் கூட்டியது. 2018 நவம்பரில், வாக்கெடுப்புக்கு முன்னதாகவே, எரிபொருள் ஊட்டுவது நின்றது. தீர்மானம் 2019-இல் இரு சபையிலும் நிறைவேறி ட்ரம்ப்பின் தடுப்பதிகாரத்தில் செத்தது. செய்தியில் பெரிதாக வந்தது அந்தச் சாவுதான்.

இனி தாக்குதல் செய்தி. 2021 ஆகஸ்ட் 29, காபூல். ஐஎஸ் அமைப்பின் குண்டு வண்டியை ஆளில்லா விமானம் அழித்தது, வண்டிக்குள்ளிருந்து பெரிய இரண்டாம் வெடிப்பு வந்தது, அதுவே வெடிமருந்துக்குச் சான்று என்றது அமெரிக்க ராணுவம். மூன்று நாள் கழித்துக் கூட்டுப் படைத் தலைவர் மார்க் மில்லி அதை நியாயமான தாக்குதல் என்றார். நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் அந்த முற்றத்துக்குப் போனார்கள். நொறுங்கிக் கிடந்தது ஒரு வெள்ளை டொயோட்டா கொரோலா. வெடிமருந்து நிரம்பிய வண்டி என்றால் பக்கத்துச் சுவர் விழுந்திருக்க வேண்டும், செடிகொடி கருகிப் பறந்திருக்க வேண்டும். சுவர் நின்றது, கதவில் ஒரே ஒரு நசுக்கல். ஓட்டியவர் ஓர் அமெரிக்க உதவி நிறுவனத்தின் ஊழியர். ராணுவம் சந்தேகித்த பொட்டலங்கள் அலுவலகக் கண்காணிப்புக் கேமராவில் தெரிந்தன: வீட்டுக்கு எடுத்துப்போகத் தண்ணீர் பிடித்த கேன்கள். செத்தவர் பத்துப் பேர், ஏழு குழந்தைகள். செப்டம்பர் 10 அன்று டைம்ஸ் வெளியிட்டது, 17 அன்று பென்டகன் தவறை ஒப்புக்கொண்டது. யாருக்கும் தண்டனை இல்லை.

இது அம்பலமானதற்குக் காரணம் அன்று காபூலில் வெளிநாட்டு நிருபர்கள் இருந்தார்கள், காரில் போய்விடும் தூரம். வடக்கு இராக்கின் கிராமங்களில் அப்படி யாரும் இல்லை. அங்கே 2016, 2017-இல் பத்திரிகையாளர்கள் அஸ்மத் கானும் ஆனந்த் கோபாலும் 103 தாக்குதல்களின் இடத்தை நேரில் போய்ச் சோதித்தார்கள். ஐந்தில் ஒன்றில் பொதுமக்கள் செத்திருந்தார்கள். ஐஎஸ் அமைப்போடு போரிட்ட அமெரிக்கக் கூட்டணிப் படை ஒப்புக்கொண்ட விகிதத்தைப்போல 31 மடங்குக்கு மேல்.

எனவே முதல் நாள் செய்தியைக் கையில் பென்சிலோடு வாசியுங்கள். ‘தெரிவித்தது’, ‘கூறினார்’ என்று முடியும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கோடு போட்டு, சொன்னவர் அந்த இடத்தில் இருந்தாரா என்று பக்கத்தில் குறியுங்கள். பெரும்பாலும் ஒருவர்கூடத் தேற மாட்டார். செய்தியின் தலையில் உள்ள ஊர் வாஷிங்டனா, சம்பவ ஊரா பாருங்கள். ‘இதைத் தனியாக உறுதிசெய்ய முடியவில்லை’ என்ற வரி ஏஜென்சிச் செய்தியின் பின்பத்திகளில்தான் இருக்கும். தமிழ் நாளிதழில் இடம் போதாமல் வெட்டும்போது முதலில் போவது அந்தப் பத்திகள். முழுச் செய்தியைத் தேடிப் படியுங்கள். பிறகு அதே ஊர்ப் பெயரை ஒரு வாரம், மூன்று வாரம், ஆறு மாதம் கழித்து மறுபடி தேடுங்கள்.

வெள்ளிக்கிழமைச் செய்தியை விட்டுவிடாதீர்கள். காபூல் ஒப்புதல் வந்தது வெள்ளி பிற்பகல். சவூதி எரிபொருள் அறிவிப்பும் வெள்ளிதான். நமக்கு அது வார இறுதிப் பத்திரிகையின் உள்பக்கம்.