என்95: அந்த ‘என்’ எதற்கு, ‘95’ எதற்கு?

கேள்வி: கிரானைட், டைல்ஸ் வெட்டிப் பதிக்கும் வேலை செய்கிறேன் சார். இதுவரை துண்டுதான் கட்டினேன். இப்போது என்95 மாஸ்க் வாங்கியிருக்கிறேன். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்? துவைத்துப் போடலாமா? என் தம்பி ஸ்ப்ரே பெயின்டர். அவனும் இதையே போடலாமா?

பதில்: துண்டை விட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். கிரானைட் தூசியில் சிலிகா என்ற கனிமம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலேயே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கி, சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயை வரவைக்கிறது. வந்தால் குணமாகாது. அந்தப் பொடி துணி இழைகளின் இடைவெளியில் தாராளமாக நுழைந்துவிடும்.

சரி, பெயருக்கு வருவோம். இது அமெரிக்காவின் நையோஷ் என்ற அரசு நிறுவனம் வகுத்த தரப்பெயர். ‘என்’ என்றால் எண்ணெய்ப் பசையைத் தாங்காது என்று பொருள். ‘ஆர்’ வகை ஓரளவு தாங்கும், ‘பி’ வகை நன்றாகவே தாங்கும். கல் தூசியில் எண்ணெய் இல்லை, அதனால் உங்களுக்கு ‘என்’ போதும். 95 என்பது, சோதனையில் சுமார் 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தை அது பிடிக்கிறது என்பதற்கு. ஏன் அந்த அளவு? பிடிக்க மிகவும் கஷ்டமான அளவாகக் கருதப்படுவது அதுதான். அதைவிடப் பெரியது இழையில் மோதி நின்றுவிடும். அதைவிடச் சிறியது தாறுமாறாக அலைந்து தானே ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் தர எண்ணான ஐஎஸ் 9473 முத்திரையோடு எஃப்எஃப்பி2 என்று வருவதும் ஏறக்குறைய இதே தரம்தான்.

துவைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் இழைகளில் நிலைமின்சாரம் ஏற்றியிருப்பார்கள், தூசியை இழுத்துப் பிடிப்பது அதுதான். சோப்புத் தண்ணீர் பட்டால் அது போய்விடும். அப்புறம் பார்க்க மாஸ்க் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மூச்சு இழுக்கக் கனமாகத் தெரிந்தாலோ, வார் தளர்ந்தாலோ தூக்கிப் போடுங்கள்.

ஆனால் பெயர் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த 95 மாஸ்க்கின் இழைகளுக்குக் கொடுத்த மார்க், உங்கள் முகத்துக்கு அல்ல. சாயங்காலம் மாஸ்க்கைக் கழற்றியதும் கண்ணாடியில் பாருங்கள். மூக்குத் தண்டின் ஓரமாக உள்பக்கம் வெள்ளைக் கோடு இறங்கியிருந்தால், நாள் முழுக்க அந்த வழியாகத்தான் தூசியை இழுத்திருக்கிறீர்கள். மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்திப் படியவையுங்கள். பிறகு இரு கையாலும் மாஸ்க்கை மூடி வேகமாக மூச்சு விடுங்கள். கண் பக்கம் காற்று அடித்தால் மறுபடி சரிசெய்யுங்கள். வால்வு வைத்தது என்றால் வால்வையும் பொத்திக்கொண்டு பாருங்கள். தாடி இருந்தால் என்ன செய்தாலும் படியாது, மழித்துத்தான் ஆக வேண்டும். காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு வார் வருவதை வாங்குங்கள்.

மாஸ்க்குக்கும் முந்தின வேலை, தண்ணீர் விட்டு வெட்டுவது. தூசியில் பெரும்பகுதி கிளம்பாமலே அடங்கிவிடும்.

தம்பிக்கு இது உதவாது. தின்னர் ஆவி துகள் அல்ல, வாயு. என்95 அதை அப்படியே உள்ளே விடும். கரி அடைத்த கார்ட்ரிட்ஜ், அதன்மேல் துகள் ஃபில்டர், இரண்டும் உள்ள ரப்பர் ரெஸ்பிரேட்டர் அவருக்கு வேண்டும். ஹார்டனர் (பெயின்டை இறுக வைக்கும் திரவம்) கலக்கும் கார் பெயின்ட் என்றால் அதுவும் போதாது, வெளியிலிருந்து குழாயில் சுத்தமான காற்று வரும் கருவிதான் சரி. ஒன்றை இரண்டு பேருமே மறக்கக் கூடாது: இந்த மாஸ்க்குகள் காற்றை வடிகட்டும், ஆக்ஸிஜன் தராது. பாழுங்கிணற்றிலோ செப்டிக் டேங்கிலோ இதை நம்பி யாரையும் இறங்க விடாதீர்கள்.

எத்தனை வருடமாக வெட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை. பல வருடம் ஆகியிருந்தால், இருமல் இல்லாவிட்டாலும் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள். எடுக்கும்போது கல் வெட்டும் வேலை என்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். சிலிகோசிஸைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர்கள் உண்டு.